வீடும் விதியும்

தமிழில் 'விதி' என்னும் ஒரு சொல்லே இரண்டு பொருள்களுக்கு நின்று உழைக்கிறது. நம்மை மீறி வந்து சேர்வதும் விதி; நாமே கூடி வகுத்துக்கொண்ட நெறியும் விதி. ஒரு வீடு இடிந்து விழுந்தால் அண்டை அயலார் சூழ நின்று, "எல்லாம் விதி" என்று பெருமூச்செறிகின்றனர். அவர்கள் கருதுவது முதற் பொருளை. விழுந்த வீடுகளின் வரலாற்றைத் துருவிப் பார்ப்பவர்க்கோ, பெரும்பாலும் இரண்டாம் பொருளே இடிபாட்டினுள் புதைந்து கிடப்பது தெரியவரும். கட்டடத்துக்கென ஒரு விதி இருந்தது. கட்டியவர் அதனை அறியாதிருந்தார். அல்லது பழைய விதியை மட்டும் அறிந்திருந்தார். அல்லது அறிந்தே மீறினார். இம்மூவருள் நடுவில் நிற்பவரைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறோம். அறியாதவரையும் மீறுபவரையும் கண்டிக்கப் பலர் உளர். முன்பு கற்றதைக் கொண்டே இன்றும் கட்டுகிறவரோ நேர்மையானவர், உழைப்பாளி, நம்முள் ஒருவர். ஆதலால் அவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

உல்லாஸ்நகரை எடுத்துக்கொள்வோம். கல்யாணுக்கு அருகே, இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர் தங்கிச் செல்வதற்காக அமைந்த முகாம் அது. நாடு பிரிவினையுற்றபோது சிந்துப் பகுதியிலிருந்து வீடிழந்து வந்த ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களுக்கு அந்தப் படைக் கொட்டடிகளே புகலிடமாயின. 1949 ஆகஸ்டு 8ஆம் நாள், அன்றைய கவர்னர் ஜெனரலாகிய இராஜாஜி அங்கே அடிக்கல் நாட்டினார். ஊரும் உல்லாஸ்நகர் என்று பெயர் பெற்றது. ஒரு தமிழர் கைபட்ட கல்லின்மேல் எழுந்த நகரம் என்று நாம் சற்றே பெருமை கொள்வதில் பிழையில்லை. இன்றும் அவ்வூரில் முகவரி சொல்பவர் முகாமின் எண்ணைச் சொல்லியே தொடங்குகிறார்.

கொட்டடி வாழ்க்கை நெடுநாள் நீடிக்குமா? குடும்பம் பெருகியது, அறைக்கு முன் ஒரு தாழ்வாரம் நீண்டது, தாழ்வாரத்தின்மேல் ஓர் அறை ஏறியது. பின்னர் கொட்டடி இருந்த இடத்திலேயே நான்கு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து எழுந்தன. அவற்றுள் பல நகராட்சியின் ஒப்புதல் இன்றியோ, பெற்ற ஒப்புதலை மீறியோ எழுந்தவை. வழக்கு மும்பை உயர்நீதிமன்றம் சென்றது. நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடிக்கவேண்டிய நிலை வந்தது. அவற்றில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எங்கே போகும்? மாநில அரசு 2006இல் உல்லாஸ்நகருக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றி, ஒப்புதலின்றி எழுந்தவற்றைக் கட்டணம் பெற்றுக்கொண்டு முறைப்படுத்த வழி செய்தது. இரக்கத்தின்பாற்பட்ட செயல் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

2021ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. அம்மாதம் 15ஆம் நாள் மோகினி பேலஸ் என்னும் கட்டடத்தில் மேல்மாடித் தளம் பெயர்ந்து, கீழிருந்த தளங்களையும் உடைத்துக்கொண்டு தரைமட்டும் இறங்கியது, உயிர்கள் பறிபோயின. இரண்டு வாரம் கழியுமுன், 28ஆம் நாள் இரவு, சாய் சித்தி என்னும் மற்றொரு கட்டடத்தில் அதே வகையில் தளம் இறங்கியது. ஏழு பேர் மாண்டனர். இரண்டிலும் சுவர்களும் தூண்களும் நின்றவண்ணம் இருக்க, தளம் மட்டும் தளத்தின்மேல் வீழ்ந்து சென்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வீடு நிற்கிறது. உள்ளே வீடு இல்லை. இவ்வகைக் கட்டடங்கள் 1990களின் நடுப்பகுதியில் மட்டமான பொருள்களைக் கொண்டு விரைவில் எழுப்பப்பட்டவை என்பது அப்போது வெளிவந்த செய்தி.

முறைப்படுத்தும் சட்டம் செய்யக்கூடியது என்ன, செய்ய இயலாதது என்ன என்பதை நம் குடும்பங்கள் தெளிவாக உணர வேண்டும். அது தாளைத் திருத்தும், காங்கிரீட்டைத் திருத்தாது. கட்டணம் செலுத்திய அன்று இரவு, தளத்தினுள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பதை நிறுத்திக்கொள்வதில்லை. துருக்கி நாட்டிலும் இதுவே நடந்தது. அங்கே 2018இல் விதி மீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்றுப் பொதுமன்னிப்பு அளித்தார்கள். இத்தனைக்கும் அந்நாட்டு நிலநடுக்க விதிகள் ஏட்டளவில் மிகச் சிறந்தவை. 2023 பிப்ரவரி 6ஆம் நாள் நிலம் நடுங்கியபோது அந்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலநடுக்கம் மன்னிப்புப் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்ப்பதில்லை.

இனி, விதி ஏன் அடிக்கடி மாறுகிறது என்னும் கேள்விக்கு வருவோம். நம் மேஸ்திரிகளுக்கு இதில் ஒரு சலிப்பு உண்டு. "நேத்து ஒண்ணு சொல்லுதான், இன்னைக்கு ஒண்ணு சொல்லுதான், முப்பது வருசமா இப்படித்தான் போடுதோம் அண்ணாச்சி, எது விழுந்துது?" என்று நெல்லைச் சீமைக் கொத்தனார் கேட்பது நம் காதுக்குப் புதிதன்று. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் விதி மாறியது அதிகாரியின் விருப்பத்தால் அன்று. எங்கேயோ ஒன்று விழுந்ததால்தான் மாறியது.

ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஆண்ட ஹம்முராபி மன்னன், வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் வகுத்தான். இடியாமல் கட்டுவது எப்படி என்று அவன் சொல்லவில்லை. இக்காலத்து விதிநூல் அதைத்தான் சொல்கிறது. அதுவும் ஒவ்வொரு பேரிடரிலும் கற்றுக்கொண்டு சொல்கிறது. நம் மகாராட்டிரத்தையே பாருங்கள். தக்காணப் பீடபூமி அசையாத நிலம் என்று கருதியிருந்த காலத்தில், 1967 டிசம்பர் 11ஆம் நாள் கொய்னாவில் நிலம் நடுங்கியது. 1970இல் நாட்டின் நிலநடுக்க வரைபடம் திருத்தப்பட்டது. பின்னர் 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன், லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் கனத்த கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய வீடுகள் உறங்கிக்கொண்டிருந்தவர்மேல் சரிந்து, பல்லாயிரம் பேர் மாண்டனர். அப்பகுதி அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயம் உடைய முதல் மண்டலத்தில் இருந்தது. 2001 ஜனவரி 26இல் கட்ச் நிலநடுக்கம் நிகழ்ந்தது. 2002இல் வெளிவந்த திருத்தத்தில் முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். அபாயமற்ற இடம் என்று இந்நாட்டில் ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். அதே திருத்தத்தில் சென்னை, இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. 2002க்கு முன் தொழில் பழகிய ஒருவர் சென்னையில் இன்றும் பழைய கணக்கில் கட்டுவாரானால், அவர் பழைய ஊரிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார் எனலாம்.

நம் மேஸ்திரிகள் நாவில் மந்திரம்போல் நிற்பது 'ஒன்றுக்கு இரண்டு, நாலு' என்பது. ஒரு பங்கு சிமிண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. இது யாரோ சொன்ன தவறான பேச்சு அன்று; ஒரு காலத்தில் நூல் ஒப்புக்கொண்ட அளவே. காங்கிரீட் வேலைக்குரிய இந்தியத் தரநிலை 456 என்பதன் 1978ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி இட்ட காங்கிரீட்டுக்கு எம்-15 என்னும் வலிமை போதும் என்றது. இந்தக் கலவை அதற்குப் பொருந்தும். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எம்-20 என்று உயர்த்திவிட்டது. அதற்குரிய கலவை ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று. மணலும் ஜல்லியும் குறைந்து சிமிண்டு கூடும், செலவும் கூடும். மேலும், கடற்காற்றின் உப்பு தாக்கக்கூடிய இடங்களில் எம்-20உம் போதாது; நிலைமைக்கேற்ப எம்-25, எம்-30 வேண்டும் என்கிறது அந்நூல். இவ்வலிமைகளை வெறும் பாண்டுக் கணக்கில் அளந்து பெற இயலாது. பொறியாளர் கணக்கிட்டுத் தரும் கலவையே வேண்டும். மும்பையிலும் தூத்துக்குடியிலும் கடற்கரையோரம் வீடு கட்டும் நம்மவர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தண்ணீரின் கதை இதனினும் வேடிக்கையானது. கலவை இளகி ஓடினால் சித்தாளுக்கு வேலை எளிது. ஆகவே ஒரு வாளி கூடவே விழுகிறது. எம்-20 கலவைக்கு ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது அளவு. கூடிய தண்ணீர் பின்னர் ஆவியாகிப் போகும். போன இடத்தில் நுண்ணிய துளைகள் நிற்கும். அத்துளைகளின் வழியே மும்பையின் நான்கு மாத மழை உள்ளே சென்று கம்பியைச் சேரும். துருப்பிடித்த கம்பி பருத்து, தன்மேல் இருக்கும் காங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். தளத்தின் அடியில் பொருக்கு உதிர்ந்து கம்பி தெரிவதை நாம் எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! பூசி வெள்ளையடித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

தளம் போட்டபின் நீர் ஆற்றுவதில் 'ஏழு நாள்' என்பது மற்றொரு மந்திரம். சாதாரண சிமிண்டுக்கு ஏழு நாள் என்று நூல் சொல்வது மெய்யே. ஆனால் இன்று கடையில் நம் கைக்கு வரும் மூட்டையைத் திருப்பிப் பார்த்தால், அது பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமிண்டாக இருக்கும். அது நல்ல சிமிண்டே. ஆயினும் மெல்ல இறுகுவது. அதற்குக் குறைந்தது பத்து நாள் வேண்டும். வறண்ட வெயிற்காலமாயின் பதினான்கு நாள் நல்லது என்கிறது 2000ஆம் ஆண்டு நூல். இங்கே கொத்தனார் மாறவில்லை. அவர் கையிலிருந்த பொருள் அவருக்குத் தெரியாமலே மாறிவிட்டது. புதிய விதியை அறியாதிருப்பதன் கேட்டை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

தூணைப் பற்றியும் ஒரு சொல். சுவரின் கனம் ஒன்பது அங்குலம். ஆதலால் தூணும் ஒன்பது அங்குலமாக இருந்தால் அறையில் துருத்தாது, அலமாரி வைக்க வசதி. இல்லத்தரசிகளும் அதையே விரும்புவர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தியத் தரநிலை 13920இன் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், நிலநடுக்கத்தின் மூன்றாம் மண்டலத்திலும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில் தூணின் சிறிய பக்கம் 300 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓரடிக்குக் குறையலாகாது என்கிறது. 2002ஆம் ஆண்டு வரைபடத்தில் மும்பையும் தானேயும் சென்னையும் மூன்றாம் மண்டலமே. தூணைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் முனையை 90 பாகையில் மடக்கி விடாமல், 135 பாகைக்கு உள்ளே வளைத்துத் தூணின் நெஞ்சுக்குள் செலுத்த வேண்டும் என்பதும் அதே நூலின் கட்டளை. தூண் குலுங்கும்போது மேலுறைக் காங்கிரீட் முதலில் சிதறும். அப்போது 90 பாகையில் மடக்கிய முனை வாய் திறந்துவிடும். உள்ளே வளைத்த முனை திறவாது. கம்பி கட்டுபவருக்குக் கூடுதல் வேலை ஒரு வளையத்துக்குச் சில விநாடிகள்தாம்.

"இவ்வளவும் பணக்காரருக்குரிய பேச்சு, தாராவியில் பத்துக்குப் பத்து அறையின்மேல் ஒரு பலகைத் தளம் போடுகிறவனுக்கு இதனால் என்ன?" என்று அன்பர் ஒருவர் கேட்கக்கூடும். அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. கட்டட விதிகள் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு இனங்கள் கலந்து கிடக்கின்றன. தெருவிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், மனைக்கு எத்தனை மடங்கு கட்டலாம், எத்தனை மாடி ஏறலாம் என்பவை ஓரினம். இவை அரசின் கொள்கைக்கும் நிலத்தின் விலைக்கும் ஏற்ப ஏறி இறங்குபவை; ஏழைகளின் குடியிருப்புகளுக்கு இவற்றில் தளர்வு வேண்டும் என்று வாதாடுவது முற்றிலும் நியாயம். கம்பி, கலவை, தூண், தளம், தீ விபத்தில் தப்பும் வழி என்பவை மற்றோரினம். இவற்றில் ஏழைக்கென்று தனி அளவு கிடையாது. முதலினத்தில் அதிகாரிகள் செய்த அநீதிகளைக் கண்டு சலித்த மக்கள், இரண்டாம் இனத்தையும் அதே கண்கொண்டு பார்க்கப் பழகிவிட்டனர். உல்லாஸ்நகரில் நடந்ததும், 2013 ஏப்ரல் 4ஆம் நாள் மும்ப்ராவை அடுத்த ஷீல்பாட்டாவில் கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து எழுபத்து நான்கு பேரைப் பலிகொண்ட கட்டடத்தில் நடந்ததும் இக்கலப்பின் விளைவே என்பது நம் கருத்து. திருட்டுத்தனமாகக் கட்டுகிறவன் அவசரமாகக் கட்டுகிறான். அவசரமாகக் கட்டுகிறவன் நீர் ஆற்றுவதில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் முதலில் வந்து, 1983இலும் 2005இலும் 2016இலும் புதுக்கப்பட்டது. அது தன்னளவில் ஓர் அறிவுரை நூலே; மாநிலமும் நகராட்சியும் தம் விதிகளில் அதை ஏற்கும்போதுதான் கட்டாயமாகிறது. உல்லாஸ்நகர், கல்யாண், அம்பர்நாத் பகுதிகளுக்கு 2020 டிசம்பரில் வந்த மாநில ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் பொருந்தும். மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகியவை அடங்கிய பெருமும்பைக்குத் தனி விதிகள் உண்டு. ரயிலில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் விதி மாறிவிடுகிறது என்பதைக் குத்தகைதாரர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கட்டி முடிந்த வீட்டில் இருப்பவர்க்கும் விதி உண்டு. முப்பது ஆண்டு நிறைந்த கட்டடத்தைப் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சோதித்துச் சான்று பெற வேண்டும் என்று மகாராட்டிர நகராட்சிச் சட்டங்கள் கூறுகின்றன. 1995இல் எழுந்த கட்டடத்துக்கு 2025இல் முப்பது நிறைந்துவிட்டது. உல்லாஸ்நகரில் அந்த ஆண்டுகளில் வீடு வாங்கிய நம் குடும்பங்கள் இக்கணக்கை இன்றே போட்டுப் பார்க்கட்டும். அதற்கிடையில், பழைய தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதிய ஓடு பதிப்பதும், மாடியில் தொட்டிமேல் தொட்டி வைப்பதும், கூடத்தை விரிவாக்கத் தூணில் கைவைப்பதும் அடியோடு நிற்க வேண்டும். 2017 ஜூலை 25ஆம் நாள் காட்கோபரில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் இடிந்து பதினேழு பேர் இறந்தபோது, தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. செம்பூரிலிருந்து கூப்பிடு தூரம்.

நம்முள் பெரும்பாலோரின் கனவு வீடு மும்பையில் இல்லை. அது ஊரில் எழுகிறது. மாதந்தோறும் பணம் அனுப்பி, மைத்துனரையோ சித்தப்பாவையோ மேற்பார்வை செய்யச் சொல்லி, பொங்கல் விடுமுறையில் ஒருமுறை சென்று பார்த்துக் கட்டுகிறோம். தமிழ்நாட்டில் 2019இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்து, பல பழைய விதிகள் மறைந்தன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீடு கட்டுபவர், தாமே சான்றளித்து இணையவழி உடனடி ஒப்புதல் பெறலாம். அலுவலகப் படியேறி அலையும் தொல்லை ஒழிந்தது என்று மகிழ்கிறோம், மகிழ வேண்டியதே. ஆனால் 'விதிப்படி கட்டுகிறேன்' என்று இப்போது கையெழுத்திடுபவர் யார்? நாமேதாம். விதியை அறியாமல் அக்கையெழுத்தை இடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! 2014 ஜூன் 28ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி சரிந்து அறுபத்தொருவர் மாண்டனர். அக்கட்டடத்துக்கு ஒப்புதல் தாள் இருந்தது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் நூல்களை இணையத்தில் விலையின்றிப் பதிவிறக்கிக்கொள்ள இடம் தந்துள்ளது. அவை ஆங்கிலத்தில் உள்ளன என்பது ஒரு குறையே. வீட்டில் பொறியியல் பயிலும் பிள்ளை இருந்தால், தரநிலை 456இல் கலவை, நீர், நீராற்றல், முட்டு நீக்கும் நாள் ஆகிய பகுதிகளை மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். அத்தாளை மேஸ்திரியிடம் தரும்போது, "நீங்கள் செய்வது தவறு" என்று தொடங்க வேண்டாம். முப்பது ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ளவர் எவரும் அதைப் பொறுக்க மாட்டார். "சிமிண்டு மாறிவிட்டதாமே, மேஸ்திரி" என்று தொடங்குங்கள். கலவைக்குத் தண்ணீர் ஊற்றும் வாளியில் பத்து லிட்டர் நிற்கும் உயரத்துக்குச் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டு வைப்பதும் நல்லது. மூட்டைக்கு அக்கோடு வரை மூன்று வாளி. மணல் ஈரமாக இருந்தால் அதனினும் சற்றுக் குறைவு.